இன்பமும் கருவும்: ஒரு பழைய முடிச்சின் வரலாறு

உடலுறவு ஏன் இன்பமாக இருக்கிறது? பசித்தவனுக்குச் சோறு ஏன் ருசிக்கிறது என்பதைப் போல இதுவும் ஒரு விஞ்ஞானக் கேள்விதான். ஆனால் சோற்றைப் பற்றிய கேள்வியைச் சபையில் கேட்கலாம். இதைக் கேட்க நாக்கு எழாது. பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் கிராமத்து ஆசிரியன் என்ற வகையில், இனப்பெருக்கத் தொகுதி பற்றிய பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் விழும் மௌனத்தை நான் நன்கு அறிவேன். சூலகம் இது, விதை இது, கருக்கட்டல் இங்கே நிகழ்கிறது என்று படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு பாடம் நிறைவு பெற்றுவிடும். இன்பம் என்ற சொல் அந்தப் பாடத்தில் எங்கும் வராது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனாவுக்கு (980 - 1037) இந்தத் தயக்கம் இருக்கவில்லை. பெண் அடையும் இன்பம் பற்றிப் பேசுவதில் வைத்தியனுக்கு வெட்கமேதும் இல்லை என்ற கருத்தை, 'அல் கானூன் பித் திப்' எனும் தமது வைத்தியக் களஞ்சியத்தில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அதற்கு அவர் காட்டிய நியாயம், அது பிள்ளைப் பேற்றோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதாகும். பெண் இன்பத்தின் உச்சத்தை அடையாவிட்டால் அவளுடைய வித்து வெளிப்படாது, வித்து வெளிப்படாவிட்டால் கரு உண்டாகாது என்று அவர் கருதினார்.

அவருடைய துணிச்சல் பெரிது. ஆனால் அந்த நியாயம் பிழையானது. இன்பத்தையும் கருவையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சு எங்கே போடப்பட்டது, எவ்வாறு அவிழ்ந்தது, அது இருந்தபோதும் அவிழ்ந்தபோதும் யார் நட்டப்பட்டார்கள் என்பவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்கர் போட்ட முடிச்சு

கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கிய வைத்திய நூல்களுள் ஒன்று கரு உற்பத்தி பற்றிப் பேசுகிறது. வித்து உடல் முழுவதிலுமிருந்து திரண்டு வருகிறது, உராய்வினால் உடல் சூடேறுகிறது, அந்தச் சூட்டிலிருந்தே இன்பம் பிறக்கிறது என்பது அந்நூலின் விளக்கம். ஆணைப் போலவே பெண்ணுக்கும் வித்து உண்டு என்றும், பெண்ணின் இன்பம் ஆணினதைவிடக் குறைவானது ஆனால் கூடிய நேரம் நீடிப்பது என்றும் அது கூறிற்று. இதை எழுதியவர் எந்தப் பெண்ணிடம் கேட்டறிந்தார் என்று அந்நூல் சொல்லவில்லை.

அரிஸ்டோட்டில் இதை மறுத்தார். பெண்ணுக்கு வித்து இல்லை, அவள் கொடுப்பது மூலப்பொருள் மட்டுமே என்பது அவர் கொள்கை. இதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, இன்பம் எதையும் உணராமலே பெண்கள் கருத்தரிக்கிறார்கள் என்பதாகும். கொள்கை பிழை, சான்று சரி! விஞ்ஞான வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

கி.பி. 129இல் பிறந்த கேலன், ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த இருவித்துக் கொள்கையின் பக்கம் நின்றார். இன்பம் எதற்காக என்ற கேள்விக்கு முதன்முதலில் முழுமையாக விடை சொல்ல முயன்றவர்களுள் அவர் ஒருவர். இளையதோ மடமை கொண்டதோ அறிவே அற்றதோ, எந்தப் பிராணியும் தன் இனம் அழியக் கூடாது என்று யோசித்து இணைவதில்லை. ஆகவே யோசனைக்குப் பதிலாக இயற்கை அவற்றுக்கு இன்பத்தைக் கொடுத்தது என்பது அவர் விளக்கம். இன்பம் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கும் ஓர் உவமை சொன்னார். தோலுக்கடியில் காரமான நீர் சேர்ந்தால் அரிப்பு எடுக்கும், சொறிந்தால் சுகமாக இருக்கும். அதுபோன்றதே இதுவும் என்றார்.

பக்தாதிலிருந்து கொர்தோவா வரை

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரைச் சூழ்ந்த மொழிபெயர்ப்பாளர்களும் கேலனின் நூல்களை அரபியில் ஆக்கினர். இருவித்துக் கொள்கையும் அவற்றோடு அரபு வைத்தியத்துள் வந்து சேர்ந்தது. அரிஸ்டோட்டிலையும் கேலனையும் இணக்கப்படுத்த முயன்ற இப்னு ஸீனாவின் கானூன், பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரமோனாவைச் சேர்ந்த ஜெரார்டினால் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்திய மாணவர்கள் அதைப் பாடநூலாக ஓதினார்கள்.

இங்கே இருவரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முதலாமவர் இமாம் கஸ்ஸாலி (1058 - 1111). 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில், இச்சையைப் பிள்ளைப் பேற்றுக்குத் தூண்டும் ஓர் ஏற்பாடாக அவர் காண்கிறார். பறவையை வலைப்பக்கம் வரவழைக்க அது விரும்பும் தானியத்தைத் தூவுவது போன்றது என்பது அவர் தரும் உவமை. கேலனின் கருத்தும் இதுவும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. ஆனால் அதே பகுதியில் அவர் வேறொன்றும் சொல்கிறார். கணவன் தன் தேவை முடிந்தவுடன் விலகிவிடாது, மனைவியின் தேவையும் நிறைவேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவளுக்கு அது தாமதமாக வரக்கூடும். இடையில் விட்டுவிடுவது அவளுக்கு நோவினை, இருவருக்குமிடையே வெறுப்புக்கும் அது காரணமாகும். இந்த இடத்தில் அவர் கருவைப் பற்றிப் பேசவில்லை என்பது நோக்கத்தக்கது. அவளது இன்பம் இங்கே எதற்கும் கருவியல்ல, அவளுக்குரிய ஒன்று. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இரண்டாமவர் கொர்தோவாவின் இப்னு ருஷ்த் (1126 - 1198). அரிஸ்டோட்டிலின் கூற்றைப் படித்த அவர், தமது வைத்திய நூலான 'அல் குல்லிய்யாத்'தில் தாம் செய்த ஒரு காரியத்தைப் பதிவு செய்கிறார். பெண்கள் பலரிடம் அவர் இது பற்றி விசாரித்தார். இன்பம் இல்லாமலும், அந்த உறவை வெறுத்த நிலையிலும்கூடத் தாங்கள் கருத்தரித்ததாக அவர்கள் சொன்னார்கள். கேலனுக்கும் இப்னு ஸீனாவுக்கும் எதிரான சான்று இவ்வளவு எளிதாகக் கிடைத்தது. நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்பதே போதுமாயிருந்தது.

நீதிமன்றம் ஏறிய பிழை

இப்னு ருஷ்த் கேட்டறிந்ததை உலகம் கேட்டுக்கொள்ளவில்லை. 1290ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட 'ஃபிளீட்டா' என்னும் சட்ட நூல், பலாத்காரம் செய்யப்பட்டதாக முறையிடும் பெண் கருவுற்றிருந்தால் அம்முறைப்பாடு நிலைக்காது என்கிறது. கரு உண்டாக இன்பம் வேண்டும், இன்பம் இருந்தால் சம்மதம் இருந்தது, ஆகவே பலாத்காரம் இல்லை என்பது அதன் தர்க்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சட்ட வைத்தியம் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட சாமுவேல் ஃபார் என்னும் வைத்தியரும் ஏறக்குறைய இதையே திருப்பிச் சொன்னார். வைத்தியசாலையில் பெண்ணின் இன்பத்துக்கு மதிப்புக் கொடுத்த அதே கொள்கை, நீதிமன்றத்தில் அவளைப் பொய்காரியாக்கிற்று.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2012 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செனட் சபைக்குப் போட்டியிட்ட டொட் ஏகின் என்ற அரசியல்வாதி, உண்மையான பலாத்காரம் என்றால் பெண்ணின் உடலே கருவைத் தடுத்துவிடும் என்ற கருத்துப்படத் தொலைக்காட்சியில் பேசினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நவம்பரில் அவர் தோற்றார். அவர் வாயிலிருந்து வந்தது ஈராயிரம் ஆண்டு பழைய கிரேக்க வைத்தியம் என்பதை அவர் அறிந்திருப்பாரா என்பது சந்தேகமே.

மிசூரி வரை போகவும் தேவையில்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்து, அவள் கருவுற்றதும் தெரியவந்தபோது, "விருப்பமில்லாமலா வயித்துல தங்கிச்சு?" என்று வயதான ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். கேலனையோ ஃபிளீட்டாவையோ அவர் கேள்விப்பட்டதும் இல்லை. தவறான உடலியல் ஒன்று எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவரின் வாய்க்கும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்த கதை

1672ஆம் ஆண்டு ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் றெக்னியர் டி கிராஃப் என்ற இளம் வைத்தியர் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய நூலை வெளியிட்டார். சூலகத்தில் சூல் வளரும் நுண்பைகளை விபரித்தவர் அவரே. பெண்ணின் இன்ப உணர்வுக்கு முக்கியமான, கிளிட்டோரிஸ் என வைத்திய நூல்கள் பெயரிடும் உறுப்பையும் அவர் நுணுக்கமாக வரைந்து காட்டினார். இந்த உணர்ச்சி இல்லாவிட்டால் ஒன்பது மாதச் சுமையையும் உயிராபத்தான பிரசவத்தையும் எந்தப் பெண்தான் ஏற்பாள் என்ற கருத்தையும் எழுதினார். அடுத்த வருடமே, 32ஆவது வயதில், அவர் காலமானார். அதே நகரத்தின் துணி வியாபாரி லீவன்ஹூக், 1677இல் தமது நுணுக்குக்காட்டியின் கீழ் விந்துயிர்களைக் கண்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான ஸ்பலன்ஸானி, பெட்டை நாயொன்றின் கருப்பையினுள் விந்தைச் செலுத்திக் குட்டிகளைப் பெறச் செய்தார். அங்கே இணைவும் இல்லை, இன்பமும் இல்லை, ஆனால் கரு உண்டாயிற்று. 1827இல் கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர் முலையூட்டியின் சூலைக் கண்டறிந்தார். 1843இல் ஜேர்மனியரான பிஷொஃப், நாயின் சூல் இணைவுக்குக் காத்திராமல் உரிய பருவத்தில் தானாகவே வெளியேறுகிறது என்று காட்டினார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பெண் கருவுற இன்பம் அவசியமில்லை என்பது பரிசோதனையால் நிறுவப்பட்டது.

இது நீதிக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கருவுக்குத் தேவையில்லை என்றானதும், பெண்ணின் இன்பம் வைத்திய நூல்களில் கேட்பாரற்றுப் போயிற்று. 1857இல் லண்டன் வைத்தியரான வில்லியம் அக்டன், பெரும்பாலான பெண்களுக்கு இத்தகைய உணர்ச்சித் தொல்லையே இல்லை என்று எழுதினார். அவருக்கு முன்பே, 1844இல், ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் கோபெல்ட் அவ்வுறுப்பின் நரம்புகளையும் குருதிக் கலன்களையும் விரிவான படங்களாக வெளியிட்டிருந்தார். படங்கள் இருந்தன. பார்க்கத்தான் ஆளில்லை.

1905இல் சிக்மண்ட் ஃபிரொய்ட், முதிர்ச்சியடைந்த பெண்ணின் உணர்ச்சி கிளிட்டோரிஸை விட்டு யோனிக்கு இடம்மாற வேண்டும் என்றொரு கொள்கையை முன்வைத்தார். உடற்கூற்றியல் ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. ஆயினும் எத்தனையோ பெண்கள் தம்மிடம் குறையிருப்பதாக நம்பினார்கள். நெப்போலியனின் சகோதரர் வழிவந்த மரீ பொனபார்ட் அவர்களுள் ஒருவர். 1924இல் நார்ஜானி என்ற புனைபெயரில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 243 பெண்களின் உடலமைப்பை அளந்து, இன்பம் கிட்டாமைக்கு மனத்தின் முதிர்ச்சியின்மையல்ல, உறுப்புகளுக்கிடையிலான தூரமே காரணமாகலாம் என்று அதில் வாதிட்டார். பின்னர் அந்தத் தூரத்தைக் குறைக்கத் தம் உடலிலேயே சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அது பலனளிக்கவில்லை. கொள்கைக்கு ஏற்ப உடலை வெட்டித் திருத்த ஒரு கல்விமானே முன்வந்தார் என்றால், அறியாமையின் விலை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கேட்டவர்களும் அளந்தவர்களும்

இப்னு ருஷ்த் செய்ததை ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் பெருமளவில் செய்தவர் அமெரிக்க விலங்கியலாளர் அல்ஃபிரட் கின்ஸி. 1953இல் வெளிவந்த அவரது நூல் 5,940 பெண்களின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது. அவர் பேட்டி கண்டவர்கள் சமூகம் முழுவதற்கும் பிரதிநிதிகளா என்ற விமர்சனம் நியாயமானது. எனினும் பெண்களுக்கு உணர்ச்சி இல்லை என்ற பேச்சு அத்தோடு எடுபடாமல் போயிற்று. 1966இல் மாஸ்டர்ஸ், ஜோன்சன் ஆகிய இருவரும் 382 பெண்களினதும் 312 ஆண்களினதும் உடல் மாற்றங்களை ஆய்வுகூடத்தில் அவதானித்து வெளியிட்டனர். ஃபிரொய்ட் சொன்ன இருவகை உச்சங்களுக்கிடையே உடலியல் வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை.

1998இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரைச் சேர்ந்த ஹெலன் ஓ'கொனல் என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர், வெளியே தெரியும் சிறு முனை அவ்வுறுப்பின் ஒரு பகுதி மட்டுமே, அதன் பெரும்பகுதி உள்ளேயே அமைந்திருக்கிறது என்பதை மீண்டும் நிறுவினார். கோபெல்ட் வரைந்து 150 ஆண்டுகளுக்குப் பின்! அதற்குச் செல்லும் நரம்பு நார்கள் 8,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது மாட்டில் எண்ணிய கணக்கு. மனிதரில் எண்ணியபோது 10,000க்கு மேல் என்ற முடிவு 2022இல்தான் வெளியானது. இலேசான அதிர்வைத் தொடுகையாக உணரும் 'கிரௌஸ்' நுண்ணுறுப்புகளை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மனியர் ஒருவர் கண்டிருந்தார். ஆண், பெண் இருபாலாரின் உறுப்புகளிலும் நெருக்கமாக அமைந்துள்ள அவை என்ன வேலை செய்கின்றன என்பது, எலிகளில் நடத்திய ஆய்வால் 2024இல் தெளிவாயிற்று.

மூளைக்குள்

நரம்பு செய்தியைக் கொண்டுசெல்லும். அந்தச் செய்தி இன்பமாவது மூளையில். 1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகியோர் எலியின் மூளையில் மெல்லிய மின்வாயொன்றைப் பொருத்தினர். அது நினைத்த இடத்தில் அமையாமல் சற்று விலகி அமைந்துவிட்டது. அந்த இடத்துக்கு மின்சாரம் கிடைப்பதற்காக எலி நெம்புகோலை மணிக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் அழுத்தியது. மூளையில் இன்பத்துக்கென்று பாதைகள் இருப்பதை உலகம் இவ்வாறே அறிந்தது.

அந்தப் பாதைகளில் ஓடும் தோபமீன் என்ற இரசாயனத்தை 'இன்ப இரசாயனம்' என்று பத்திரிகைகள் எழுதுவதுண்டு. அது முழுச் சரியல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் 1980களின் இறுதியில், தோபமீன் ஏறக்குறைய முற்றாக அகற்றப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். அவை உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாவில் இனிப்பை வைத்தால் முன்போலவே சுவைத்தன. விரும்புதல் வேறு, சுவைத்தல் வேறு என்பது இதனால் தெளிவாகிறது. வேட்கையைத் தருவதில் தோபமீனுக்குப் பெரும் பங்குண்டு. அனுபவிக்கும் சுகத்திலோ, உடல் தானே சுரக்கும் அபின் போன்ற இரசாயனங்களின் பங்கு பெரிது. அவற்றுக்கான வாங்கிகள் 1973இலும், அவற்றுள் முதலில் அறியப்பட்டவை 1975இலும் கண்டுபிடிக்கப்பட்டன. பிரசவத்திலும் பாலூட்டலிலும் பணியாற்றும் ஒக்சிற்றோசின் என்ற ஓமோனும் இன்பத்தின் உச்சத்தில் இரத்தத்தில் கூடுகிறது என்று 1987இல் காட்டப்பட்டது. அதுவே துணையைப் பிணைக்கும் 'அன்பு ஓமோன்' என்று பலர் எழுதினர். ஆனால் சோடியாக வாழும் ஒருவகை வயல் எலிகள், அந்த ஓமோனுக்குரிய வாங்கி இல்லாதபோதும் சோடி சேர்ந்தன என 2023இல் ஆய்வாளர் கண்டனர். ஒரே ஓர் இரசாயனத்தில் அன்பை அடக்கிவிட முடியாது போலும்.

முயலின் சாட்சியம்

இனி முதற் கேள்விக்கு வரலாம். ஆணின் இன்பம் ஏன் என்பதில் பெரிய தகராறு இல்லை. அது விந்து வெளியேற்றத்தோடு நேரடியாக இணைந்தது. பெண்ணினது ஏன்? கரு முளையத்தின் ஆரம்பத்தில் இருபாலாருக்கும் உறுப்புகள் ஒரே அடியிலிருந்து உருவாவதால், ஆணுக்குத் தேவையான உணர்ச்சி பெண்ணுக்கும் கூடவே கிடைத்தது என்று 1979இல் டொனல்ட் சைமன்ஸ் வாதிட்டார். 2005இல் எலிசபெத் லொயிட் அதற்கு ஆதரவாக நூலொன்று எழுதினார்.

2016இல் மிஹாலா பாவ்லிசெவ், குந்தர் வாக்னர் ஆகிய இருவரும் வேறொரு விளக்கம் தந்தனர். பூனையிலும் முயலிலும் சூல் தானாக வெளியேறுவதில்லை. இணையும்போது ஏற்படும் தூண்டலால் ஓமோன் சுரந்து, அதன் பின்னரே வெளியேறுகிறது. முலையூட்டிகளின் பழைய வழி இதுவாகவே இருக்கலாம் என்றும், மனிதரில் சூல் மாதந்தோறும் தானாக வெளியேறத் தொடங்கிய பின் அந்தத் தூண்டல் தன் பழைய வேலையிலிருந்து விடுபட்டு இன்பமாக எஞ்சியது என்றும் அவர்கள் கருதினர். பெண்களில் உச்சத்தை மட்டுப்படுத்தக்கூடிய மருந்தொன்றை முயல்களுக்குக் கொடுத்தபோது, வெளியேறிய சூல்கள் 30 வீதம் குறைந்தன என்று 2019இல் வெளியிட்டனர். இது முடிந்த முடிவல்ல, கருதுகோளே. ஆயினும் இது சரியானால், இன்பத்தையும் கருவையும் இணைத்த பழைய வைத்தியர்கள் முயலைப் பற்றிச் சரியாகவும் மனிதரைப் பற்றிப் பிழையாகவும் சொல்லியிருக்கிறார்கள்!

இனத்தைப் பேணவே இன்பம் என்ற கேலனின் பொது விடை இன்றும் நிற்கிறது. இன்பம் கண்ட உயிர்கள் மீண்டும் இணைந்தன, அவற்றின் சந்ததி பெருகிற்று என்று கூர்ப்புக் கொள்கை அதையே வேறுவிதமாகச் சொல்கிறது. கஸ்ஸாலி அதைப் படைத்தவனின் ஏற்பாடு என்றார். ஆனால் ஓர் உயிரினத்துக்கு இன்பம் ஏன் வாய்த்தது என்பது ஒரு கேள்வி. ஒரு தனிப் பெண்ணின் கருவுக்கு அது காரணமா என்பது இன்னொரு கேள்வி. அவளுக்கு அது உரியதா என்பது முற்றிலும் வேறான மூன்றாவது கேள்வி. இம்மூன்றையும் குழப்பியதால் வந்தவையே நாம் பார்த்த அநியாயங்கள். இன்பம் கருவுக்கு வேண்டும் என்று நம்பியவர்கள், பாதிக்கப்பட்டவளைப் பொய்காரி என்றார்கள். வேண்டாம் என்று அறிந்தவர்கள், அப்படியானால் அவளுக்கு அது எதற்கு என்றார்கள்.

இப்னு ஸீனாவின் நியாயம் விஞ்ஞானத்தால் விழுந்துவிட்டது. கஸ்ஸாலி சொன்ன பொறுத்திருத்தல் விழவில்லை. அது கருவின் மேல் கட்டப்படாமல், மனைவிக்கு நோவினை செய்யக் கூடாது என்பதன் மேல் கட்டப்பட்டது. இப்னு ருஷ்தின் விசாரணையும் விழவில்லை.

கருக்கட்டல் பாடத்தில் நான் இப்போது இரண்டு வசனங்களைச் சேர்த்துச் சொல்லி வருகிறேன். சூல் யாருடைய சம்மதத்தையும் கேட்டு வெளியேறுவதில்லை என்பது ஒன்று. ஆகவே கருவுற்றிருப்பது சம்மதித்ததற்குச் சாட்சியாகாது என்பது மற்றது. ஆண்பிள்ளைகள் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது வசனத்தைச் சொல்வேன். பாடநூலில் அது இல்லை. கரும்பலகையில் எழுதி, குறிப்புக் கொப்பியில் பதியச் சொல்கிறேன்.